புகார் புறம் ஆகாது

மதரசாவைப் பற்றியோ அங்கே ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தைப் பற்றியோ குறை சொல்வது புறம் பேசுவது. புறம் பேசுவதைச் செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பாகக் குர்ஆன் கண்டிக்கிறது. ஆகவே பெற்றோர் வாய் திறக்கக் கூடாது. இந்த வாதம் இன்று நம் ஜமாஅத்துகளில் கேட்பாரின்றி நடமாடுகிறது. வெள்ளிக்கிழமை பயானில் சொல்கிறார்கள். நிர்வாகக் கூட்டத்தில் சொல்கிறார்கள். பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு கேள்வி போட்டால், அடுத்த நிமிடமே புறத்தின் கேடு பற்றி ஒரு குரல் பதிவு வந்து விழுகிறது. கேள்வி அதற்கடியில் புதைந்துபோகிறது.

சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் இறையச்சத்தோடுதான் சொல்கிறார்கள். இந்தக் கருத்துக்குப் பலம் வந்ததும் அதனால்தான். எதிர்த்துப் பேசினால் மார்க்கத்தையே எதிர்ப்பதாக ஆகிவிடுமோ என்று கேட்பவர் பயப்படுகிறார். ஆனால் இந்தக் கருத்து தவறு. குர்ஆனை வைத்துப் பார்த்தாலும் தவறு, நபி (ஸல்) அவர்களின் நடைமுறையை வைத்துப் பார்த்தாலும் தவறு, நம் மதரசாக்களிலேயே பாடமாக இருக்கும் சட்ட நூல்களை வைத்துப் பார்த்தாலும் தவறு. இந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் ஏழு வயதும் பத்து வயதுமான பிள்ளைகள்.

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிச் செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் இருக்கும் எங்களைப் போன்றவர்களும் பிள்ளைகளை ஓத அனுப்புகிறவர்கள்தாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை முகம் கழுவி, தொப்பி போட்டு, குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கும் தாய்க்கு அதைவிட நிறைவான நேரம் நாளில் வேறு இல்லை. அதே பிள்ளை ஒருநாள் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. காரணம் கேட்டால் சொல்வதில்லை. கையைப் பிடித்துப் பார்த்தால் பிரம்புத் தடம். தகப்பன் போய்க் கேட்கிறான். "உஸ்தாதைக் குறை சொன்னா புள்ளைக்கு இல்மு வராது பாய்" என்று பதில் வருகிறது. பிறகு புறம் பற்றிய அறிவுரை. அவன் திரும்பி வந்துவிடுகிறான். இது ஒரு மதரசாவின் கதையல்ல. எந்த ஊரில் இதைச் சொன்னாலும் தலையசைக்க நாலு பேர் இருக்கிறார்கள்.

பயானில் எடுத்தாளப்படும் வசனம் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆவது வசனம். அந்த அத்தியாயத்தில் இருப்பதே 18 வசனங்கள்தாம். பன்னிரண்டை ஓதுகிறவர் ஏன் ஆறிலிருந்து ஓதுவதில்லை? ஆறாவது வசனம் ஒரு செய்தி வந்தால் அதை விசாரித்துத் தெளிவு பெறச் சொல்கிறது. நம்பத்தகாதவன் கொண்டுவந்த செய்தியைக்கூட விசாரிக்கச் சொல்கிறதே ஒழிய, கொண்டுவந்தவன் வாயை அடைக்கச் சொல்லவில்லை. ஒன்பதாவது வசனம் சண்டையிடும் இரு தரப்புக்கிடையே நீதியோடு சமரசம் செய்யச் சொல்கிறது. நீதி என்ற நிபந்தனையை இருமுறை வலியுறுத்துகிறது. பதினொன்றாவது வசனம் கேலி செய்வதையும் பட்டப்பெயர் வைப்பதையும் தடுக்கிறது. நம் மதரசாக்களில் குண்டன், திக்குவாய், கழுதை என்று பட்டம் வாங்காத பிள்ளை எத்தனை? அதன் பிறகுதான் பன்னிரண்டாவது வசனம் வருகிறது. அதிலும் புறத்துக்கு முன்னால் இன்னொரு தடை இருக்கிறது: துருவித் துருவி வேவு பார்க்காதீர்கள். பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொண்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நிர்வாகியிடம் சேர்ப்பதும், யார் சொன்னது யார் சொன்னது என்று தேடிப் பிடித்து அந்தப் பிள்ளையிடம் முகத்தைக் காட்டுவதும் அந்தத் தடைக்குள் வராமல் வேறு எதற்குள் வரும்?

ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து இருக்கும் கட்டளைகளில், அதிகாரத்தில் இருப்பவரைக் கட்டுப்படுத்துபவை எல்லாம் ஓசையின்றி விடப்படுகின்றன. கீழே இருப்பவரை அடக்கப் பயன்படும் ஒன்று மட்டும் ஒலிபெருக்கியில் வருகிறது.

நபி (ஸல்) அவர்களிடம் ஓர் இமாமைப் பற்றிப் புகார் வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்? புகாரியில் இருக்கிறது, சென்னை ரஹ்மத் அறக்கட்டளை அதைத் தமிழில் கொடுத்த பிறகு அரபி தெரியாதவரும் எடுத்துப் பார்க்கலாம். முஆத் பின் ஜபல் (ரலி) சாமானியர் அல்லர். ஹலால், ஹராம் பற்றிய அறிவில் முதன்மையானவர் என்று பெயர் பெற்ற தோழர். அவர் தம் கூட்டத்தாருக்கு இஷாத் தொழுகை நடத்தும்போது பகரா அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார். பகலெல்லாம் ஒட்டகங்களை வைத்துத் தண்ணீர் இறைத்துக் களைத்து வந்த ஒருவர் நிற்க முடியாமல் விலகி, தனியாகத் தொழுதுவிட்டுப் போனார். முஆத் அவரை நயவஞ்சகர் என்று சொல்லிவிட்டார். செய்தி அந்த உழைப்பாளியின் காதுக்கு எட்டியது. அவர் நேரே நபியிடம் போய் முஆதின் பெயரைச் சொல்லியே முறையிட்டார். இது புறம் என்று நபி அவரைத் தடுக்கவில்லை. ஆலிமைக் குறை சொல்லாதே என்று சொல்லவில்லை. முஆதைத்தான் கடிந்துகொண்டார்கள். மக்களைச் சோதனைக்கு உள்ளாக்குகிறவரா நீர் என்ற பொருளில் மும்முறை கேட்டார்கள். பின்னால் முதியவரும் பலவீனரும் வேலையுள்ளவரும் நிற்கிறார்கள் என்று நினைவூட்டி, ஓதுவதற்குச் சிறிய அத்தியாயங்களையும் எடுத்துச் சொன்னார்கள்.

இதற்கு இணையான இன்னொரு செய்தி அபூமஸ்ஊத் (ரலி) வழியாக வருகிறது. இன்னார் தொழுகையை நீட்டுவதால் நான் ஃபஜ்ருக்கே வராமல் பிந்துகிறேன் என்று ஒருவர் நபியிடம் சொன்னார். அன்று உபதேசத்தில் நபி கொண்ட கோபத்தைப்போல் வேறெப்போதும் கண்டதில்லை என்கிறார் அறிவிப்பாளர். கோபம் புகார் சொன்னவர்மேல் அல்ல. ஆனால் மக்கள் முன் பேசும்போது அந்த இமாமின் பெயரை அவர்கள் எடுக்கவில்லை. உங்களில் சிலர் மக்களை விரட்டுகிறீர்கள் என்று பொதுவாகவே கண்டித்தார்கள்.

இந்த முறையை நிதானமாகப் பார்க்க வேண்டும். புகார் பெயர் சொல்லியே வந்தது, பொறுப்பில் இருப்பவரிடம் வந்தது, கேட்கப்பட்டது, உடனே திருத்தம் நடந்தது. பொதுவில் பேசும்போது மட்டும் பெயர் மறைக்கப்பட்டது. நம்மிடம் இது முழுக்கத் தலைகீழாகக் கிடக்கிறது. பெயர் சொல்லிப் பொறுப்பாளரிடம் முறையிடுவதைத் தடுக்கிறோம். பொதுவில் பெயர்களைப் படிக்கிறோம். யாருடைய பெயர்களை? பிள்ளைகளின் பெயர்களை.

மாதாந்தர ஃபீஸ் கட்டாதவர் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. பாடம் சொல்லாத பிள்ளையின் பெயர் வருகிறது. "உங்க மகன் நேத்து ஃபஜ்ருக்கு வரல" என்று இருநூறு வீடுகள் பார்க்கும் இடத்தில் ஒரு தாய்க்குச் செய்தி போகிறது. ஆண்டுவிழா மேடையில் யார் பின்தங்கியவர் என்று சொல்கிறார்கள். ஒருவர் இல்லாத இடத்தில் அவர் வெறுக்கும் விதமாக அவரைப் பற்றிப் பேசுவதுதான் புறம் என்பது நபியின் விளக்கம். சொன்னது உண்மையாக இருந்தாலும் அது புறம்தான், பொய்யாக இருந்தால் அவதூறு. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் மதரசாக் குழுக்களின் ஒரு மாதச் செய்திகளைப் படித்துப் பாருங்கள். பெற்றோர் எழுதியதில் எவ்வளவு புறம், நிர்வாகம் எழுதியதில் எவ்வளவு புறம் என்று தெரிந்துவிடும். பருவம் அடையாத பிள்ளையின் குற்றத்தை எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாமெல்லாம் அறிந்த ஹதீஸ். மலக்குகள் எழுதாத குற்றத்தை நாம் குழுவில் எழுதுகிறோம். பத்து ஆண்டுகள் நபிக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி), ஏன் இதைச் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று ஒருமுறைகூடத் தன்னை அவர்கள் கேட்டதில்லை என்று சொன்னதும் நம் பாடப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸ். இதை நான் தாண்டிப் போக மாட்டேன். வாழ்நாளெல்லாம் கடைப்பிடிக்க வேண்டிய போதனை அது. ஆனால் இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி, இந்த மறைத்தல் யாருக்கு என்று தெளிவாக வரம்பு கட்டுகிறார். பிறருக்குத் தீங்கும் கேடும் செய்பவர் என்று அறியப்படாதவர் தவறிவிட்ட பழைய பிழைக்குத்தான் அது. தீங்கைத் தொடர்ந்து செய்பவரை மறைக்கக் கூடாது, அதிகாரத்தில் இருப்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறார். அதே நவவி, தமிழிலும் வீடு வீடாக இருக்கும் ரியாளுஸ் ஸாலிஹீனில், எந்த ஆறு நிலைகளில் பிறர் குறையைப் பேசுவது ஆகும் என்று சொல்கிறார். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது முதலாவது. தீமையைத் தடுக்க உதவி கேட்பது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது, மற்றவரை எச்சரிப்பது எல்லாம் தொடர்ந்து வருகின்றன. பிள்ளையின் கையில் தடம் பார்த்த தகப்பன் முதல் வரியிலேயே உட்கார்ந்திருக்கிறான். நவவி 1277இல் மறைந்தார். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓதிக்கொடுக்கப்பட்டுவரும் இந்தப் பாடத்தை, ஓதிக்கொடுப்பவரைப் பற்றிய புகார் வரும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

குர்ஆனின் 58ஆவது அத்தியாயம் தொடங்குவதே ஒரு பெண்ணின் முறையீட்டில்தான். கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) தம் கணவர் தமக்குச் செய்த அநீதியைப் பற்றி நபியிடம் வந்து வாதாடினார். கணவரைப் பற்றிய குறை அது, அவர் இல்லாத இடத்தில் சொன்ன குறை. அல்லாஹ் அதைக் கேட்டுக்கொண்டான் என்று வசனம் இறங்கியது. அந்த அத்தியாயத்துக்கே வாதாடுபவள் என்று பெயர். இதற்கு மேல் ஒரு முறையீட்டுக்கு என்ன கண்ணியம் வேண்டும்?

நம் ஹதீஸ் கலை முழுவதும் குறை சொல்லும் துணிவின்மேல் கட்டப்பட்டது. இன்ன அறிவிப்பாளர் ஞாபகசக்தி குன்றியவர், இன்னவர் பொய்யர் என்று பெயர் பெயராக எழுதியிராவிட்டால் இன்று எந்த ஹதீஸ் சரி எது பிழை என்று நமக்குத் தெரிந்திருக்காது. இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் இதைப் புறம் என்று கருதக் கூடாது, மார்க்கக் கடமை என்று வாதிடுகிறார். இமாம் புகாரிக்கே ஆசானாக இருந்த அலீ இப்னுல் மதீனியிடம் அவருடைய தந்தையைப் பற்றியே கேட்டபோது, முதலில் வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று தவிர்த்தவர், வற்புறுத்தியதும், இது மார்க்கம், என் தந்தை பலவீனமான அறிவிப்பாளர் என்று சொன்னார். வாக்கியங்களைப் பாதுகாக்கத் தந்தையின் குறையைச் சொன்னவர்கள் நம் முன்னோர். பிள்ளைகளைப் பாதுகாக்க ஹஜ்ரத்தின் குறையை முத்தவல்லியிடம் சொல்வதற்கு நாம் நடுங்குகிறோம்.

நான் குடியிருக்கும் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ரமணாசிரமத்துக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. 1922இல் ரமணரின் தாயார் மறைந்த பிறகு, அவர் சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்தது. நிர்வாகம் ரமணரின் தம்பி நிரஞ்சனானந்த சுவாமி கைக்கு வந்தது. முன்பு ரமணர் மலைமேல் இருந்த காலத்தில் பொறுப்புகளைக் கவனித்துவந்த பெருமாள்சுவாமி அதை ஏற்காமல் வழக்குத் தொடுத்தார். ரமணரையே இழிவுபடுத்தி ஒரு சிறுநூலும் அச்சிட்டுப் பரப்பினார். அது வெறும் விமர்சனம் அல்ல, வன்மம். ஆனாலும் 1936இல் நீதிமன்ற ஆணையர் ஆசிரமத்துக்கே வந்து விசாரித்தபோது, அவர் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் விடை சொன்னார். சிறுநூலைக் கண்டு கொதித்தவர்களிடம், அதை ஆசிரம வாசலிலேயே விற்கலாமே என்று அவர் சொன்னதாக அடியார்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அண்டை வீட்டு உதாரணம் எதற்கு என்று என் சகோதரர்கள் கேட்கலாம். நம் வீட்டிலேயே இதைவிடப் பெரியது இருக்கிறது. கூஃபாவின் ஆளுநர் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி), உயிரோடு இருக்கும்போதே சொர்க்க நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர், காதிஸிய்யாப் போரின் தளபதி. அவர் ஒழுங்காகத் தொழுகை நடத்துவதில்லை என்றுகூட கூஃபாவாசிகள் உமர் (ரலி) அவர்களிடம் புகார் சொன்னார்கள். உமர் அவரை அழைத்துக் கேட்டார். அவர் இடத்தில் அம்மாரை (ரலி) நியமித்தார். ஆட்களை கூஃபாவுக்கு அனுப்பி, ஒரு பள்ளிவாசல்கூட விடாமல் ஸஅதைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். எல்லாப் பள்ளியிலும் நல்லதே சொன்னார்கள். பனூ அப்ஸ் பள்ளிவாசலில் ஒருவர் மட்டும் எழுந்து குற்றம் சாட்டினார். அது பொய். அந்தப் பொய்யின் பாவம் அவரைச் சேர்ந்தது. ஆனால் கூஃபாவின் பள்ளிவாசல்களில் வைத்து ஒரு ஸஹாபியின் குறையை விசாரித்தது புறம் என்று உமரை யாரும் சொல்லவில்லை. விசாரணையால்தான் ஸஅதின் நேர்மை ஊரறிய நிலைநாட்டப்பட்டது. நல்ல ஹஜ்ரத்துக்கு விசாரணையைப்போல் பாதுகாப்பு வேறில்லை. வாயடைப்பு அவர்மேல் சந்தேகத்தை நிரந்தரமாக்குகிறது.

இங்கே ஹஜ்ரத்மார்களுக்காகவும் பேச வேண்டும். சொற்பச் சம்பளம், காலை ஃபஜ்ரிலிருந்து இரவு இஷாவரை வேலை, விடுப்புக்கு நிர்வாகியின் முகம் பார்க்க வேண்டிய நிலை. நிர்வாகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் புறம். மறுநாளே பெட்டி படுக்கையோடு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். பெற்றோர் வாயை அடைக்கும் அதே கை அவர் வாயையும் அடைக்கிறது. அந்த நெருக்கடி கடைசியில் பிரம்பாகப் பிள்ளைமேல் இறங்குகிறது. கடுமையாக நடத்தப்படும் மாணவன் பொய்யும் பாசாங்கும் கற்கிறான் என்று இப்னு கல்தூன் பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் 2012இல் வந்த திருத்தம் மதரசாக்களையும் வேத பாடசாலைகளையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. மாலை நேரக் குர்ஆன் மதரசாவுக்கு எந்தக் கல்வி அதிகாரியும் ஆய்வுக்கு வருவதில்லை. அங்கே இருக்கும் ஒரே கண்காணிப்பு பெற்றோரின் கண், ஒரே அறிக்கை பெற்றோரின் வாய். அதையும் பாவம் என்று மூடிவிட்டால் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

மூடியதன் விளைவை உலகம் பார்த்திருக்கிறது. வங்கதேசத்தின் சோனாகாசியில் நுஸ்ரத் ஜஹான் ரஃபி என்ற 19 வயது மதரசா மாணவி, 2019 மார்ச்சில் தன் முதல்வர்மேல் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தாள். வாபஸ் வாங்கச் சொன்னார்கள், மறுத்தாள். ஏப்ரல் 6ஆம் தேதி அதே மதரசாவின் மாடியில் அவள்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். நான்கு நாளில் இறந்தாள். அந்த அக்டோபரில் விசாரணை நீதிமன்றம் 16 பேருக்கு மரண தண்டனை விதித்தது. புகாரை வாபஸ் வாங்க மறுத்தாள் என்பதுதான் அவள்மேல் அவர்கள் கொண்ட கோபம். நம் தமிழ் பேசும் கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதின் மதரசா ஒன்றில் 2023 டிசம்பரில் 13 வயது மாணவன் பிணமாக மீட்கப்பட்டான். மௌலவி ஒருவர் கைதானார். நிறுவனத்தின் மானத்தைப் பிள்ளைக்கு மேலே வைப்பது முஸ்லிம்கள் மட்டும் செய்வதல்ல. 2023இல் சென்னை கலாக்ஷேத்ராவில் மாணவிகள் தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான் புகார் காவல் நிலையத்தை எட்டியது. ஆனால் அங்கே யாரும் மௌனத்துக்கு வேதவசனத்தை ஆதாரமாகக் காட்டவில்லை. நாம் காட்டுகிறோம். அதனால் நமக்குப் பொறுப்பு அதிகம்.

பாலியல் குற்றம் என்றால் நான்கு சாட்சி கொண்டுவா என்று கேட்கும் சிலரையும் பார்க்கிறோம். நான்கு சாட்சி என்பது ஒருவர்மேல் விபசாரப் பழி சுமத்துபவருக்கான விதி; கற்புள்ள பெண்களின் மானம் காக்க இறங்கியது. பிள்ளை அழுதுகொண்டு வந்து சொல்வதை அடக்குவதற்கு இறங்கியதல்ல. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் மதரசாவுக்கு விதிவிலக்குத் தரவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதையே அது குற்றமாக்குகிறது. நிறுவனப் பொறுப்பாளர் தமக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவருக்கு அந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

பெற்றோரிடம் புறம் இல்லையா? இருக்கிறது. ஹஜ்ரத்தின் வீட்டுச் சமையலை, அவர் மனைவியின் நடையை, அவர் வடக்கத்தியர் என்பதை, அவர் கொச்சைத் தமிழைக் குழுவில் சிரித்துப் பேசுவது புறம்தான், ஹராம்தான். ஒரு பிள்ளை சொன்னதை நாலு மடங்காக்கித் தெருவெல்லாம் பரப்புவதும் அப்படித்தான். அவற்றை விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும்.

முத்தவல்லிகளே, நிர்வாகிகளே: வரும் வெள்ளிக்கிழமை ஹுஜுராத் அத்தியாயத்தை முழுதாக ஓதி விளக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயர் போட்டுக் குழுவில் எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். புகாரைக் கேட்க, ஹஜ்ரத்துக்கு உறவில்லாத இரண்டு பேரை நியமியுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், தாய்மார்கள் அவரிடம்தான் பேசுவார்கள். பெற்றோரே: பார்த்ததைத் தாளில் எழுதுங்கள். நாளும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் நேரில் கொடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் உடலில் காயம் இருந்தாலோ, தொடக்கூடாத இடத்தில் யாரும் தொட்டதாகப் பிள்ளை சொன்னாலோ யாருடைய பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.